எச்டிடிபி தட்டினால் எச்டிடிபிஎஸ் வருகிறது: திருப்பிவிட்டது யார்?

"தம்பி, சைட்டு சுத்திக்கிட்டே இருக்கு. நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரு ஆர்டரும் வரல." காலை ஏழு மணிக்கு இப்படி ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தால், முன்பெல்லாம் நேராக சர்வரில் நுழைந்து கண்ணில் பட்ட ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடும்) விதிகளை ஒவ்வொன்றாக அழித்துப் பார்ப்பேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. முதலில் கேட்பது ஒரே கேள்வி: திருப்பிவிட்டது யார்?

ஏனென்றால் பூட்டுப் போட்ட (எச்டிடிபிஎஸ், அதாவது மறையாக்கம் செய்த) இணைப்புதான் வேண்டும் என்ற விருப்பத்தை பிரவுசர் ஒரே குரலில் சொல்வதில்லை. சில சமயம் சர்வரிடம் தாழ்மையாகக் கேட்கிறது. சில சமயம் சர்வர் முன்பு கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு, இப்போது யாரையும் கேட்காமலே பாதையை மாற்றுகிறது. சில சமயம் தானாகவே ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறது. எல்லாவற்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான், மருந்துதான் வேறு வேறு.

கட்டளைகளையும் ஹெடர்களின் (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் குறிப்பு வரிகளின்) பெயர்களையும் இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டிய ஒரே ஒரு வரி

குரோமில் டெவ்டூல்ஸை (பக்கத்தின் உள்ளே நடப்பதைக் காட்டும் கருவிகளை) திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். ‘பிரிசர்வ் லாக்’ பெட்டியில் டிக் போடுங்கள். இதை மறந்தால் ரீடைரக்ட் ஆன கணத்தில் முந்தைய வரிகள் காணாமல் போய்விடும். அப்புறம் முகவரியை எச்டிடிபி என்று முழுதாகத் தட்டி என்டர் அடித்து, பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள்.

அங்கே 301, 302 அல்லது 308 என்ற ரீடைரக்ட் எண் இருந்தால் பதில் வெளியிலிருந்து வந்திருக்கிறது: உங்கள் சர்வர், அல்லது அதற்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸி என்ற இடைத்தரகு சர்வர். ‘307 இன்டர்னல் ரீடைரக்ட்’ என்று இருந்தால் அது சர்வர் சொன்ன 307 அல்ல. பிரவுசர் தன் வயிற்றுக்குள்ளேயே தயாரித்துக் காட்டும் பதில் அது. எச்டிடிபி கோரிக்கை உங்கள் கணினியை விட்டு வெளியேறவே இல்லை. அந்த வரியைக் கிளிக் செய்தால் ‘நான்-அதாரிடேட்டிவ்-ரீசன்’ என்றொரு ஹெடர் தெரியும். அதன் மதிப்பு ‘எச்எஸ்டிஎஸ்’ என்றால் சர்வரின் பழைய வாக்குறுதி (கீழே சொல்கிறேன்) வேலை செய்கிறது. ‘எச்டிடிபிஎஸ்-அப்கிரேட்ஸ்’ என்றால் பிரவுசரின் சொந்த முயற்சி.

சந்தேகமாக இருந்தால் அதே முகவரியை டெர்மினலில் கர்ல் (முகவரியைக் கொடுத்தால் பதிலை வாங்கித் தரும் கட்டளை) மூலம், ஹெடர்களை மட்டும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாகச் சொல்லாதவரை கர்லுக்கு இந்த மாதிரி ஞாபகமெல்லாம் கிடையாது. சர்வர் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அது அப்படியே காட்டிவிடும். கர்லில் 200 (‘சரி, இதோ பக்கம்’), பிரவுசரில் 307 என்றால் சர்வரை நோண்டுவது வீண் வேலை.

அறிகுறி: கோரிக்கையில் ‘அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ்: 1’ என்று ஒரு வரி தெரிகிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெயரில் ‘இன்செக்யூர்’ என்று இருப்பதால் தளத்தில் ஓட்டை இருக்கிறது என்று பயந்துபோய்க் கேட்பார்கள். ஓட்டை எதுவும் இல்லை. பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி அது: “மறையாக்கம் செய்த பதில் இருந்தால் அதையே கொடு, எனக்கு அதுதான் இஷ்டம். அதோடு, பக்கத்துக்குள் பழைய எச்டிடிபி இணைப்புகள் கிடந்தாலும் அவற்றை நானே மாற்றி எடுத்துக்கொள்வேன்.” எந்தத் தளத்துக்குப் போனாலும் இதைச் சொல்லும். ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்-இல் இருக்கும் தளத்திடமும் சொல்லும்.

ஒரு சின்ன சோதனை. அதே பக்கத்தின் நெட்வொர்க் பட்டியலில் ஏதாவது ஒரு படத்தைக் கிளிக் செய்து அதன் கோரிக்கை ஹெடர்களைப் பாருங்கள், இந்த வரி இருக்காது. பக்கம் விட்டுப் பக்கம் போகும் கோரிக்கைகளோடு மட்டும்தான் இது போகும்.

இது 2015-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட வரையறையில் வந்தது; தொகுத்தவர் கூகுளில் பணியாற்றிய மைக் வெஸ்ட். அப்போது பல பெரிய தளங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பத்து வருடக் கட்டுரைகளில் எச்டிடிபி என்று எழுதிய பட இணைப்புகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். எல்லோரையும் எச்டிடிபிஎஸ்-க்குத் தள்ளினால் பழைய பிரவுசர்களில் பக்கம் உடையும். இந்த வரியை அனுப்புகிறவர்களை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பு, மற்றவர்களைப் பழைய வழியிலேயே விடு என்பதுதான் யோசனை. இன்று யாரும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லோரையும் ஒரேயடியாகத் திருப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஹெடர் பாதி புதைபடிவம். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் இன்னமும் அதைப் பார்த்துத்தான் ரீடைரக்ட் செய்கிறீர்கள் என்றால், பதிலில் ‘வேரி’ (எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும்) ஹெடரில் இதன் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கேஷ் (பதில்களைச் சேமித்து வைக்கும் இடம்) ஒருவருக்குக் கொடுத்த ரீடைரக்டை ஊருக்கே பரிமாறிவிடும்.

இன்னொரு தப்பு: இந்த வரியைப் பார்த்துவிட்டு, அதையே சர்வர் பதிலிலும் சேர்த்துவிட்டு ‘பாதுகாப்பு வந்துவிட்டது’ என்று நினைப்பது. பதிலில் அதற்கு அர்த்தமே இல்லை. பதிலில் போக வேண்டியது ‘கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி’ ஹெடர், அதற்குள் ‘அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற சொல்: பக்கத்துக்குள் எடுப்பதையெல்லாம் எச்டிடிபிஎஸ்-இல் எடு என்ற கட்டளை. பெயர் ஒன்றேதான், ஆனால் ஒன்று பிரவுசர் சொல்வது, மற்றது நீங்கள் சொல்வது.

அறிகுறி: தளம் எச்டிடிபி-இல்தான் இருக்கிறது, ஆனால் அதன் இணைப்புகள் எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆகின்றன

இது பிஎச்பி மொழியில் எழுதிய பழைய தளங்களின் வியாதி. இதன் பின்னால் ஒரு கதை உண்டு.

மேலே சொன்ன ஹெடருக்கு முதலில் வைத்த பெயர் இவ்வளவு நீளமில்லை. 2015 ஜூலையில் குரோம் 44 வெளிவந்தபோது அது ‘எச்டிடிபிஎஸ்: 1’ என்று மட்டும் அனுப்பியது. சிக்கனமான, அழகான பெயர்தான். ஆனால் சர்வருக்கு வரும் எந்த ஹெடரையும் பிஎச்பி எடுத்து, முன்னால் ‘எச்டிடிபி_’ ஒட்டி ஒரு மாறியாக வைக்கும். ஆக அது ‘எச்டிடிபி_எச்டிடிபிஎஸ்’ ஆனது. அந்தப் பெயரில் மாறி இருந்தால் ‘முன்னால் ஒரு ப்ராக்ஸி இருக்கிறது, வாடிக்கையாளர் பாதுகாப்பான இணைப்பில் வந்திருக்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளும் நிரல்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும் அவற்றில் ஒன்று. எச்டிடிபிஎஸ்-க்குத் தேவையான சான்றிதழே இல்லாத கடைகள் திடீரென்று தங்கள் சிஎஸ்எஸ் (பக்கத்தின் அலங்காரக் கோப்பு), படம் எல்லாவற்றுக்கும் எச்டிடிபிஎஸ் முகவரி எழுத ஆரம்பித்தன. பக்கங்கள் அலங்கோலமாக வந்தன. குரோம் சீக்கிரமே பெயரை மாற்றியது. நீளமான பெயருக்குக் காரணம் இதுதான்: அந்தப் பெயரை வேறு யாரும் ஏற்கெனவே வைத்திருக்கச் சாத்தியமில்லை.

குரோம் திருந்திவிட்டது, அந்த நிரல்கள் எல்லாம் திருந்தவில்லை. பழைய தீம், பழைய ப்ளகின் கோப்புகளில் ‘எச்டிடிபி_எச்டிடிபிஎஸ்’ என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்தச் சோதனையை எடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் கர்லில் ஒரு ஹெடர் சேர்த்து அனுப்பி ஏமாற்றக்கூடிய சோதனை அது.

அறிகுறி: ‘டூ மெனி ரீடைரக்ட்ஸ்’

அண்ணாச்சிக்கு வந்தது இதுதான். நெட்வொர்க் பட்டியலைப் பார்த்தால், ஒரே எச்டிடிபிஎஸ் முகவரி மறுபடி மறுபடி 301 கொடுத்து, தன்னைத் தானே கைகாட்டிக்கொண்டிருந்தது. வரிசையாக இருபது வரி, எல்லாம் அச்சு எடுத்த மாதிரி.

நடப்பது இது. உங்கள் சர்வருக்கு முன்னால் ஒரு சிடிஎன் (தளத்தின் நகலைப் பல ஊர்களிலிருந்து பரிமாறும் சேவை) அல்லது ப்ராக்ஸி நிற்கிறது. வாடிக்கையாளர் எச்டிடிபிஎஸ்-இல் வருகிறார். ப்ராக்ஸி பூட்டைத் திறந்து, உங்கள் சர்வரிடம் வெறும் எச்டிடிபி-இல் பேசுகிறது. சர்வர் பார்க்கிறது: “அட, எச்டிடிபி-இல் வந்திருக்கிறார், எச்டிடிபிஎஸ்-க்குப் போகச் சொல்லு.” ப்ராக்ஸி அதை அப்படியே பிரவுசரிடம் கொடுக்கிறது. பிரவுசர் திரும்ப எச்டிடிபிஎஸ்-இல் வருகிறது. வாசலில் நிற்பவர் உள்ளே போகச் சொல்ல, உள்ளே இருப்பவர் வாசல் வழியாக வரச் சொல்கிற கதை. கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் சேவையில் ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்ற அமைப்பு இப்படித்தான் வேலை செய்யும். சர்வரிலும் ரீடைரக்ட் வைத்தால் சுழற்சி உறுதி.

அண்ணாச்சி தளத்தில் முந்தைய நாள் மாலை ‘எச்டிடிபிஎஸ் கட்டாயம்’ என்று ஒரு ப்ளகினை யாரோ முடுக்கிவிட்டிருந்தார்கள். யார் அந்த யாரோ என்று நான் விசாரிக்கவில்லை, பல சமயம் அது நானாகவே இருக்கும்.

சரிசெய்ய இரண்டு வழி. சுருக்கு வழி, ப்ராக்ஸி அனுப்பும் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ’ ஹெடரை நம்பச் சொல்வது. அதன் மதிப்பு எச்டிடிபிஎஸ் என்றால் ரீடைரக்ட் செய்யாதே என்று வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பிலோ என்ஜின்எக்ஸ் சர்வர் மென்பொருளிலோ எழுதலாம். ஆனால் அந்த ஹெடர் உங்கள் ப்ராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டும் நம்புங்கள். நேராக வருகிறவர் சொன்னால் நம்பக் கூடாது.

சரியான வழி, பின்னால் இருக்கும் சர்வருக்கும் ஒரு சான்றிதழ் போட்டு, ப்ராக்ஸியை ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ அமைப்புக்கு மாற்றுவது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. முதல் வழியில் சுழற்சி நிற்கும், ஆனால் ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் நடுவே வாடிக்கையாளரின் முகவரியும் போன் நம்பரும் திறந்த தபால் அட்டையாகத்தான் போகும். வாடிக்கையாளரின் பிரவுசரில் பூட்டுத் தெரியும், பாதி வழிக்குத்தான் பூட்டு. ஆர்டர் வாங்கும் தளத்துக்கு நான் முதல் வழியை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டேன்.

சோதித்துக்கொண்டிருக்கும்போது 302 போடுங்கள். எல்லாம் சரியென்று ஆன பிறகு 301. 301 என்பது நிரந்தரம்; பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, நீங்கள் திருத்திய பிறகும் பழையதையே பார்க்கும். அண்ணாச்சியின் கணினியில் சரியாகி, அவர் மகன் போனில் மட்டும் சுற்றினால் அந்தத் தளத்தின் கேஷை அழிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: என் கணினியில் நன்றாக இருக்கிறது, போனில் திறந்தால் பக்கம் வெறும் எழுத்தாக வருகிறது

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்குக் காவு கொடுத்தேன். நோடில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) ஒரு சின்ன ஆப். கணினியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ (கணினி தன்னையே அழைக்கும் பெயர்) 3000 போர்ட்டில் கச்சிதமாக ஓடுகிறது. அதே வைஃபையில் போனை எடுத்து 192.168.1.7, போர்ட் 3000 என்று தட்டினால் பக்கம் வருகிறது, ஆனால் சிஎஸ்எஸ் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் இல்லை. எழுத்துகள் மட்டும் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. கோப்புகளின் பாதை தப்போ என்று பார்த்தேன், கேஷோ என்று அழித்தேன், போனையே அணைத்துப் போட்டேன்.

கடைசியில் போனை கேபிளில் இணைத்து கன்சோலைப் பார்த்தேன். ‘எஸ்எஸ்எல் ப்ரோட்டோகால் எரர்’. நான் எங்கேயும் எஸ்எஸ்எல், அதாவது எச்டிடிபிஎஸ் பூட்டு, போடவே இல்லையே! சிஎஸ்எஸ் கோப்பின் முகவரி எச்டிடிபிஎஸ் ஆகியிருந்தது, போர்ட் மட்டும் அதே 3000.

குற்றவாளி, பாதுகாப்புக்காக நானே ஒரு வரியில் சேர்த்திருந்த ஹெல்மெட் நூலகம். அதன் இயல்பு அமைப்பிலேயே ‘அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ்’ கட்டளை இருக்கிறது. பக்கம் எச்டிடிபி-இல் வந்துவிடும். ஏனென்றால் கட்டளையே பக்கத்தோடுதான் வருகிறது. அதன் பிறகு பக்கத்துக்குள்ளிருந்து போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் பிரவுசர் எச்டிடிபிஎஸ் ஆக்கிவிடும். லோக்கல்ஹோஸ்ட்டை குரோம் ஏற்கெனவே நம்பத்தகுந்த இடமாக நினைப்பதால் அங்கே மாற்றாது. அதனால்தான் கணினியில் எந்தக் குறையும் தெரியவில்லை.

மருந்து: ஹெல்மெட்டின் அமைப்பில் அந்தக் கட்டளைக்கு மட்டும் ‘நல்’ என்று மதிப்புக் கொடுங்கள், அதுவும் உங்கள் கணினியில் சோதிக்கும்போது மட்டும். ஊருக்கு வெளியிடும் சர்வரில் அப்படியே இருக்கட்டும். ஹெல்மெட் இல்லாமல் வேறு எதிலாவது இதே அறிகுறி வந்தால், பதில் ஹெடரிலும், பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் மெட்டா டேகிலும் இந்தச் சொல்லைத் தேடுங்கள்.

அறிகுறி: அந்தக் கட்டளையைப் போட்டும் சில படங்கள் வரவில்லை

இந்தக் கட்டளைக்குப் பின்வாங்கத் தெரியாது. படம் இருக்கும் இடத்தில் எச்டிடிபிஎஸ் இல்லையென்றால் எச்டிடிபி-க்குத் திரும்பாது, படம் வராது, அவ்வளவுதான். படத்தை உங்கள் சர்வருக்கே கொண்டுவந்துவிடுங்கள். வேறு தளத்துக்குப் போகும் சாதாரண இணைப்புகளையும் இது தொடாது. கட்டளையைப் போடுவதற்கு முன்பு எவ்வளவு எச்டிடிபி மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, ‘ரிப்போர்ட்-ஒன்லி’ (தடுக்காமல் புகார் மட்டும் சொல்லும்) வகை ஹெடரில் எச்டிடிபிஎஸ் மட்டும் அனுமதி என்று எழுதிச் சில நாள் விட்டுப் பாருங்கள். அப்கிரேட் கட்டளையையே ரிப்போர்ட்-ஒன்லியில் போட்டால் பிரவுசர் கண்டுகொள்ளாது.

அறிகுறி: சர்வரில் ரீடைரக்டே இல்லை, ஆனாலும் எச்டிடிபிஎஸ்-க்குப் போய் முட்டி நிற்கிறது

307, காரணம் எச்எஸ்டிஎஸ். இது 2012 நவம்பரில் ஆர்எஃப்சி 6797 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. ‘ஸ்ட்ரிக்ட்-டிரான்ஸ்போர்ட்-செக்யூரிட்டி’ என்ற ஹெடரில் இத்தனை நொடிகளுக்கு என்னிடம் எச்டிடிபிஎஸ்-இல் மட்டும்தான் வா என்று தளம் சொல்கிறது. வழக்கமாகப் போடுவது 31536000 நொடி, அதாவது ஒரு வருடம். பிரவுசர் அதை எழுதி வைத்துக்கொள்ளும். அந்த ஒரு வருடத்தில் சான்றிதழ் காலாவதியானால், ‘பரவாயில்லை, உள்ளே விடு’ என்ற பொத்தானைக்கூடக் காட்டாது.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், முதன்மைத் தளத்தில் ‘இன்க்ளூட்-சப்டொமைன்ஸ்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்துப் போட்டார்கள். மறுநாள் காலை அச்சு இயந்திரத்தின் அமைப்புப் பக்கம் யாருக்கும் திறக்கவில்லை. அதற்கு அதே டொமைனின் கீழ் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்த இயந்திரத்துக்கு எச்டிடிபி மட்டும்தான் தெரியும். முதன்மைத் தளத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கெல்லாம் அச்சு இயந்திரம் மூடிக்கொண்டது. பார்க்காத ஒருவருக்கு மட்டும் திறந்தது, அவர்தான் அன்றைய கதாநாயகன்.

உடனடி வைத்தியம்: பெயருக்குப் பதில் ஐபி எண்ணைத் தட்டுங்கள். எச்எஸ்டிஎஸ் ஐபி எண்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஒருவரின் குரோமில் மட்டும் அழிக்க, ‘குரோம்://நெட்-இன்டர்னல்ஸ்’ பக்கத்தின் எச்எஸ்டிஎஸ் பகுதியில், கொள்கையை நீக்கும் பெட்டியில் டொமைன் பெயரைக் கொடுங்கள். அங்கே கொடுக்க வேண்டியது முதன்மை டொமைனின் பெயர். அச்சு இயந்திரத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு ஏன் நீங்கவில்லை என்று முழிப்பவர்கள் அதிகம். ஃபயர்ஃபாக்ஸில் வரலாற்றுப் பட்டியலில் ‘இந்தத் தளத்தை மறந்துவிடு’ போதும். கூடவே சேமித்த கடவுச்சொற்களும் போகலாம், பார்த்துச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் நீங்க வேண்டும் என்றால், தளம் அந்தச் சொல் இல்லாமல் ஹெடரை மறுபடி அனுப்ப வேண்டும். முழுக்கவே விலக்க, நொடி எண்ணிக்கையைப் பூஜ்யம் என்று அனுப்ப வேண்டும். அதையும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எச்டிடிபி-இல் வரும் எச்எஸ்டிஎஸ் ஹெடரை பிரவுசர் மதிக்காது. ஒவ்வொருவரும் தளத்துக்கு ஒருமுறை வந்து போனால்தான் அவரவர் பிரவுசரில் மாறும்.

இவ்வளவு வலி வேண்டாம் என்றால் முதலில் 300 நொடியில் ஆரம்பியுங்கள். அப்புறம் ஒரு வாரம், ஒரு மாதம், அதன் பிறகு ஒரு வருடம். ‘ப்ரீலோட்’ என்ற சொல்லைச் சேர்த்து, பிரவுசரோடு கூடவே வரும் பட்டியலில் பெயர் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அந்தப் பட்டியலில் இருந்து பெயரை எடுப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும், நெட்-இன்டர்னல்ஸ் பக்கத்தில் அழிக்கவும் முடியாது. ‘.டெவ்’, ‘.ஆப்’ என்று முடியும் எல்லாப் பெயர்களும் முழுசாக அந்தப் பட்டியலில் இருப்பவைதான். சோதனைக்கு ‘.டெவ்’ பெயர் வைத்துக்கொண்டு எச்டிடிபி-இல் திறக்கவில்லையே என்று தேடினால் விடை கிடைக்காது.

அறிகுறி: எச்எஸ்டிஎஸ்-உம் இல்லை, ஆனாலும் போகிறது; சில நேரம் மெதுவாக

பிரவுசர் தானாக முயல்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2020 நவம்பரில் 83ஆம் பதிப்பில் ‘எச்டிடிபிஎஸ்-ஒன்லி’ முறையைக் கொண்டுவந்தது. குரோம் 2021 ஏப்ரலில் 90ஆம் பதிப்பிலிருந்து, முன்னொட்டு இல்லாமல் தட்டும் முகவரியை முதலில் எச்டிடிபிஎஸ்-இல் தேடுகிறது. பின்பு எச்டிடிபி இணைப்புகளையும் அப்படியே முயல ஆரம்பித்தது. பதில் வராவிட்டால் பழைய வழிக்குத் திரும்பும். பொதுத் தளங்களில் எச்டிடிபி-க்கு முன் அனுமதி கேட்பதை 2026 அக்டோபரின் 154ஆம் பதிப்பில் இயல்பாக்கப் போவதாக கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறது.

மெதுவாகத் திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபயர்வால். எச்டிடிபிஎஸ் பேசும் 443 போர்ட்டை அது சத்தமில்லாமல் விழுங்கினால், பிரவுசர் பதிலுக்காகச் சில நொடிகள் காத்திருந்துவிட்டுத்தான் திரும்பும். ‘இங்கே யாரும் இல்லை’ என்று மறுத்துச் சொல்லும்படி விதியை மாற்றினால் உடனே திரும்பிவிடும்.

இன்னொரு ஒளிந்த காரணமும் உண்டு: டிஎன்எஸ் (டொமைன் பெயர்களின் விவரப் பட்டியல்). 2023 நவம்பரில் ஆர்எஃப்சி 9460 வரையறுத்த ‘எச்டிடிபிஎஸ்’ வகைப் பதிவு, எண் 65, உங்கள் டொமைனுக்கு இருந்தால், அதைப் பார்த்தே பிரவுசர் பாதையை மாற்றும். சில சிடிஎன்கள் உங்களைக் கேட்காமலே இதைச் சேர்க்கின்றன. டிஎன்எஸ்-ஐக் கேட்கும் ‘டிக்’ கட்டளையில் 65ஆம் வகை என்று கேட்டால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: ஏபிஐ அழைப்பு ‘சிஓஆர்எஸ்’ பிழையில் நிற்கிறது, செய்தியில் ‘அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ்’ ஹெடரின் பெயர் இருக்கிறது

டெவ்டூல்ஸிலிருந்து எல்லா ஹெடர்களையும் நகலெடுத்து ஃபெட்ச் நிரலில் ஒட்டியிருக்கிறீர்கள். சிஓஆர்எஸ் (ஒரு தளம் வேறு தளத்திடம் கேட்பதற்கான விதி) அனுமதிப் பட்டியலில் அந்த ஹெடர் இல்லை, அதனால் பிரவுசர் முன்னனுமதி கேட்கிறது, சர்வர் மறுக்கிறது. அந்த ஒரு வரியை அழியுங்கள். சர்வரில் எதையும் திறந்துவிட வேண்டாம்.

அறிகுறி: பொது வைஃபையில் இணைந்தாயிற்று, ஆனால் ஓடிபி கேட்கும் பக்கம் வரமாட்டேன் என்கிறது

ரயில் நிலையத்திலும் தங்கும் விடுதியிலும் நடப்பது. அந்த வைஃபை உங்கள் எச்டிடிபி கோரிக்கையை மடக்கித்தான் தன் பக்கத்தைக் காட்டும். நீங்கள் திறக்கும் தளங்கள் எல்லாம் எச்எஸ்டிஎஸ் போட்டவை, மடக்க எதுவும் கிடைக்கவில்லை. இதற்கென்றே பூட்டு இல்லாமல் நடத்தப்படும் ‘நெவர்எஸ்எஸ்எல்.காம்’ முகவரியை, முன்னால் எச்டிடிபி சேர்த்துத் தட்டுங்கள். பிரவுசர் எச்சரித்தால் இந்த ஒரு தடவை தொடரச் சொல்லுங்கள். நம்பரைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும் அந்த டேபை மூடிவிடுங்கள்.